திரும்பச் சொல்லும் அதிகாரம்

என் வீட்டுக்காரருக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால் முதலில் பேச்சை மாற்றப் பார்ப்பேன். முடியாவிட்டால், "சின்ன விமானத்த வாங்குனவக ஊருக்கு ஓட்டிக் கொண்டுபோய்க் கொடுக்குற வேலை" என்பேன். அதோடு விட்டால் அவர்கள் நல்லவர்கள். பெரும்பாலும் விடுவதில்லை. "ஏன் டீச்சர், கப்பல்ல ஏத்தி அனுப்ப மாட்டாகளா?" என்பதுதான் அடுத்த கேள்வி. எங்கள் பங்குச்சாமியாரே ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் இதைக் கேட்டார். அனுப்பலாம். இறக்கையைக் கழற்றிப் பெட்டியில் அடைத்து, போன இடத்தில் திரும்ப மாட்டி, எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்று ஒருவரிடம் கையெழுத்து வாங்குவதற்குள் மாதக்கணக்கில் ஆகிவிடும். பறப்பதற்கென்று செய்த பொருளைப் பறக்கவைத்தே கொண்டுபோய்விடலாம் என்று வாங்குகிறவர்கள் நினைக்கிறார்கள். நடுவில் கடல் கிடப்பதுதான் தொந்தரவு. அந்தத் தொந்தரவுக்கு இவரைக் கூப்பிடுகிறார்கள்.

எங்களுக்கு வீடு காரைக்குடியில். நான் திருப்பத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்புக்கும் பத்தாம் வகுப்புக்கும் கணக்கு எடுக்கிறேன், தினமும் பஸ்ஸில் போய் வருகிறேன். இவர் நெற்குப்பைப் பக்கம் விவசாயக் குடும்பம். விமானம் ஓட்டப் படித்து, ஒரு பயிற்சிப் பள்ளியில் வாத்தியாராக இருந்து, அங்கிருந்து இந்த வேலைக்கு வந்தார். வந்து பதினோரு வருஷம் ஆகிறது. செட்டிநாட்டுப் பக்கம் யுத்த காலத்து ஓடுதளம் ஒன்று புல் முளைத்துக் கிடக்கிறது. அதை வைத்து ஸ்டாஃப் ரூமில் என்னைக் கேலி செய்யாதவர்கள் கிடையாது. "ஒரு நாளைக்கு அங்குட்டு இறக்கச் சொல்லுங்க டீச்சர், நாங்களும் ஏறிப் பார்க்கிறோம்." ஏறினால் தெரியும். உள்ளே நம் ஊர் காரில் இருக்கிற இடம்கூட இருக்காது.

கேலி செய்கிறவர்களுக்குத் தெரியாதது ஒன்று உண்டு. இந்தச் சின்ன விமானங்களுக்கு ஒரே ஒரு இன்ஜின். இறக்கைக்குள் இருக்கிற பெட்ரோல் ஏழு மணி நேரத்துக்கு வந்தால் பெரிது. கலிஃபோர்னியாவிலிருந்து ஹவாய்த் தீவுக்குப் பதினாலு மணி நேரம் ஆகும். நடுவில் இறங்க ஒரு திட்டுக்கூடக் கிடையாது. ஆகவே பின்னால் இருக்கிற இருக்கைகளையெல்லாம் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஒரு அலுமினிய டாங்க்கை வைத்துக் கட்டி, அதிலிருந்து இன்ஜினுக்குக் குழாய் இழுப்பார்கள். ஓட்டுகிறவர் தன் முதுகுக்குப் பின்னால் நூற்றிருபது கேலன், அதாவது நானூற்றைம்பது லிட்டர், பெட்ரோலை வைத்துக்கொண்டு ராத்திரியும் பகலும் உட்கார்ந்திருக்க வேண்டும். எழுந்து நிற்க முடியாது. ஒன்றுக்குப் போவதற்கும் பாட்டில்தான். இதை எழுதலாமா என்று அவரிடம் கேட்டேன். "எழுது, அப்பவாச்சும் ஏறணும்னு கேக்க மாட்டாக" என்றார்.

டாங்க் கட்டித் தருகிறவர் கலிஃபோர்னியாவில் இருக்கும் ஒரு மெக்கானிக். நான் அவரை நேரில் பார்த்ததில்லை, வீடியோ அழைப்பில் இரண்டு மூன்று முறை வணக்கம் சொன்னதோடு சரி. அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. கட்டி முடித்ததும், தான் மாட்டிய டாங்க்கோடு தானே பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் சுற்றி வருவார். அதற்குப் பிறகுதான் சாவியைக் கையில் கொடுப்பார். இவர் அந்த ஆளை நம்புகிற அளவுக்கு வேறு யாரையும் நம்பி நான் பார்த்ததில்லை. என்னைக்கூட அப்படி நம்புவதில்லை என்று பல நாள் சண்டை போட்டிருக்கிறேன்.

இதில் எனக்கு ஒரு வேலை உண்டு. விமானத்தில் ஒரு சின்னக் கருவி வைத்திருப்பார். அது செயற்கைக்கோள் வழியாகப் பத்து நிமிஷத்துக்கு ஒரு முறை அவர் இருக்கும் இடத்தை அனுப்பும், என் போனில் இருக்கிற வரைபடத்தில் அது ஒரு புள்ளியாக விழும். குட்டிச் செய்தியும் அனுப்பலாம். கடலில் விமானங்களைக் கவனிக்கிற நிலையங்கள் உண்டு, மணிக்கொரு முறை ரேடியோவில் அவர்களிடம் பேசுவார். அவர்கள் கேட்பது எங்கே இருக்கிறாய் என்பதை. டாங்க்கில் எவ்வளவு மிச்சம் என்று கூட்டிக் கழித்துப் பார்ப்பவள் நான்தான். அவர் நேரத்தையும் டாங்க் அளவையும் அனுப்புவார். நான் நோட்டில் எழுதி, மணிக்குப் பன்னிரண்டு கேலன் வீதம் எவ்வளவு செலவாகியிருக்க வேண்டும் என்று போட்டு, இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பேன். அளவை மட்டும் அவர் அனுப்ப வேண்டும். கணக்குப் போட்டு முடிவு சொல்லக் கூடாது. அது எங்களுக்குள் ஒரு சட்டம்.

சட்டம் வந்த கதையைச் சொல்ல வேண்டும். ஆறு வருஷத்துக்கு முன்னால் கிரீன்லாந்திலிருந்து ஐஸ்லாந்துக்கு ஒரு விமானத்தைக் கொண்டுபோனார். கடுங்குளிர், ஹீட்டர் போட்டிருந்தார். புகைக்குழாயில் எங்கோ விரிசல் விட்டு, புகை கொஞ்சம் கொஞ்சமாக ஹீட்டர் வழியே உள்ளே வந்துகொண்டிருந்திருக்கிறது. அதில் இருக்கிற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, மூளையை மட்டும் மந்தமாக்கிவிடும். அடுத்தடுத்து மூன்று மணி நேரமும் ஒரே அளவை அனுப்பினார். பெட்ரோல் குறையவே இல்லை. நான் கேட்டேன். அவர் அழகாகப் பதில் சொன்னார். காற்று பின்னாலிருந்து தள்ளுகிறது, இன்ஜின் குறைவாகக் குடிக்கிறது, அளவு காட்டுகிற மிதவை ஒட்டிக்கொண்டிருக்கலாம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம். ஒரு கணக்கு டீச்சரே மயங்குகிற மாதிரி காரணம். நானும் சரி என்று விட்டுவிட்டேன். இறங்கிய பிறகு கதவைத் திறந்து வாந்தி எடுத்து, ஓடுதளத்து ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் ஒரு நாள் மூக்கில் ஆக்சிஜன் வைத்திருந்தார்கள். இன்னும் அரை மணி நேரம் போயிருந்தால் தூங்கியிருப்பார் என்று சொன்னார்களாம்.

வீட்டுக்கு வந்து அந்தச் செய்திகளை அவரே திரும்பப் படித்தார்.  "இதுல ஒன்னுகூட முட்டாத்தனமா இல்ல பாரு" என்றார். "எல்லாம் நல்லா யோசிச்சு எழுதுன மாதிரியே இருக்கு." அன்றைக்குச் சாப்பாட்டு மேசையில் வைத்து முடிவு செய்தோம். மேலே இருக்கும்போது அவர் மூளையை அவரே நம்பக் கூடாது. பாதி தூரம் தாண்டுவதற்கு முன்னால் எப்போது வேண்டுமானாலும் நான் ‘திரும்பு’ என்று ஒரு வார்த்தை அனுப்பலாம். ஏன் எதற்கு என்று அவர் கேட்கக் கூடாது. கேட்டால் வாதம் வரும், வாதத்தில் அவர் ஜெயித்துவிடுவார், ஏற்கெனவே ஒரு தடவை ஜெயித்து ஆஸ்பத்திரிக்குப் போயாகிவிட்டது. பாதி தாண்டிவிட்டால் முன்னால் இருக்கிற கரைதான் கிட்டம், அதற்குப் பிறகு என் வார்த்தைக்கு வேலை இல்லை.

அதற்குப் பிறகு எத்தனையோ முறை கடலைத் தாண்டியிருக்கிறார். நான் அந்த வார்த்தையை அனுப்பியதே இல்லை. அனுப்பினால் உண்மையிலேயே திரும்புவாரா என்று ஒரு சந்தேகம் எனக்குள் இருந்துகொண்டே இருந்தது. நல்ல பிடிவாதக்காரர். கடையில் வாங்கிய புளி மட்டமாக இருக்கிறது, மாற்றிக்கொண்டு வாருங்கள் என்றால்கூடத் திரும்பிப் போகாத ஆள்.

இனி அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். ஆஸ்திரேலியாவில் ஒரு பண்ணைக்காரர் வாங்கிய புது விமானம். முதல் கட்டம் கலிஃபோர்னியாவிலிருந்து ஹவாய். தீவில் வெளிச்சத்தில் இறங்க வேண்டும் என்பதற்காக அங்கே ராத்திரி ஒன்பது மணிக்குக் கிளம்பினார். நமக்குச் சனிக்கிழமை காலை ஒன்பதரை. விமானக்காரர்கள் உலகத்துக்கெல்லாம் ஒரே நேரம் வைத்திருக்கிறார்கள், லண்டன் கடிகாரத்தை ஒட்டியது. அதில் ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டினால் நம் நேரம். அமெரிக்காவில் இருக்கிற ஒருவர் முழு மணியாகக் கழித்தால் போதும். நமக்கு மட்டும் கூடவே ஒரு அரை. அவர் செய்தியில் நேரத்தை எழுதித்தான் அனுப்புவார். ஏனென்றால் செய்தி சில சமயம் தாமதமாக வரும். வந்த நேரத்தைப் பார்க்காதே, அவர் எழுதின நேரத்தைப் பார் என்று நோட்டின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் என் கையாலேயே எழுதி வைத்திருக்கிறேன்.

அன்று எங்கள் பகுதியில் மாதப் பராமரிப்புக்காகக் கரண்ட்டை நிறுத்துகிற நாள். காலை ஒன்பது மணிக்குப் போனால் சாயங்காலம் வரும். இன்வெர்ட்டர் இருக்கிறது என்ற தைரியத்தில் உட்கார்ந்திருந்தேன். பதினொன்றுக்குப் பக்கமாக இன்வெர்ட்டர் கூவ ஆரம்பித்து, வீட்டுக்குள் போனுக்கு நெட் கொடுக்கிற இணையப் பெட்டி அணைந்தது. பக்கத்துத் தெரு எலக்ட்ரீஷியனுக்குப் போன் போட்டேன், அவர் உடனே வந்து, பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றி எத்தனை மாசம் ஆச்சு என்று எனக்குப் பாடம் எடுத்து, ஒயரை இறுக்கிவிட்டுப் போனார். "டீச்சரா இருந்துக்கிட்டு நீங்களே இப்பிடி வுட்டா எப்பிடி?" என்றார். எனக்குக் கோபமான கோபம். அவர் சொன்னது நியாயம் என்பதால் கூடக் கொஞ்சம் கோபம். அவர் வாசலில் செருப்பைப் போடும்போது போன் மணி அடித்தது. பின்னால் இருக்கிற டாங்க்குக்கு மாறிவிட்டேன் என்ற செய்தி. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன், பதினொன்றரை. நோட்டில் ‘டாங்க் மாற்றம், 11.30’ என்று எழுதினேன்.

கிளம்பும்போது இறக்கைப் பெட்ரோலில் கொஞ்ச நேரம் ஓட்டி, அதில் சற்று இடம் காலியான பிறகுதான் பெரிய டாங்க்கைத் திறப்பார்கள். இன்ஜின் குடிக்காமல் திருப்பி அனுப்புகிற மிச்சம் இறக்கைக்குத்தான் போகும். அங்கே இடம் இல்லாவிட்டால் வெளியே வழிந்து கடலில் கொட்டும். இந்த வேலையில் எல்லோரும் பயப்படுகிற விஷயம் இது. இருட்டில் வழிந்தால் கண்ணுக்குத் தெரியாது. டாங்க்கின் பக்கவாட்டில் ஒரு கண்ணாடிக் குழாய் இருக்கும், மார்க்கர் பேனாவால் கோடு போட்டிருப்பார்கள், டார்ச் அடித்துப் பார்த்து அளவு சொல்ல வேண்டும். விமானம் குலுங்கினால் குழாயில் இருப்பதும் குலுங்கும். கொஞ்சம் இறங்கினால்தான் தெளிவாகத் தெரியும் என்பதால் முதல் அளவு பன்னிரண்டரைக்கு வந்தது. நூற்றிரண்டு கேலன்.

நான் எதிர்பார்த்தது நூற்றெட்டு. ஆறு குறைகிறது. குலுக்கலாக இருக்கும் என்று விட்டேன். சோற்றை வடித்து வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். ஒன்றரைக்கு எண்பத்தெட்டு. தொண்ணூற்றாறு இருக்க வேண்டும், எட்டு குறைகிறது. ஆறும் எட்டுமாகக் குறைவதைச் சொல்லி, பெட்ரோல் வாடை அடிக்கிறதா என்று கேட்டேன். "புது டாங்க், கிளம்புனதுல இருந்து அடிக்குது" என்று வந்தது. அது உதவாத பதில். வழிகிறதா பார்த்தீர்களா என்றேன். டார்ச் அடித்துப் பார்த்தேன், எதுவும் தெரியவில்லை என்றார். இருட்டில் என்ன தெரியும்.

இரண்டரைக்கு எழுபத்தைந்து. எண்பத்து நாலு இருக்க வேண்டும். ஆறு, எட்டு, ஒன்பது. மூன்று எண்ணையும் ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதிப் பார்த்தேன். ஏறிக்கொண்டே போகிறது.  மத்தியானச் சோறு தட்டில் போட்டது போட்டபடி கிடந்தது. கூட்டலை இரண்டு தரம் சரிபார்த்தேன், கழித்தலைச் சரிபார்த்தேன், பெருக்கலைச் சரிபார்த்தேன். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளிடம் முதலில் கேள்வியை ஒழுங்காகப் பார்த்து எழுதினாயா என்று கேட்பேன். என்னிடம் அதை நான் கேட்கவில்லை. பாதி தூரம் வர இன்னும் இரண்டு மணி நேரம்தான் இருந்தது. இரண்டு நாற்பதுக்கு அந்த ஒரு வார்த்தையை அனுப்பினேன்.

வரைபடத்தில் புள்ளிகள் மேற்காகப் போய்க்கொண்டிருந்தன. இன்னொரு புள்ளியும் மேற்கே விழுந்தது. அவ்வளவுதான், திரும்ப மாட்டார் என்று நினைத்தேன். அடுத்த புள்ளி கொஞ்சம் வடக்கே ஒதுங்கி விழுந்தது. அதற்கடுத்தது கிழக்கே. அப்புறம் செய்தி: "0920. திரும்பிட்டேன்." வேறு ஒரு வார்த்தை இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. கலிஃபோர்னியா மெக்கானிக்குக்கு, அங்கே நடுராத்திரி தாண்டிவிட்டது என்றுகூடப் பார்க்காமல், பெட்ரோல் கசிகிறது, திரும்பி வருகிறார் என்று செய்தி போட்டேன். விடிவதற்குள் ஓடுதளத்துக்கு வந்துவிடுகிறேன் என்று பதில் வந்தது.

மூன்றரை மணிக்கு மேல்தான் கொஞ்சம் நிதானம் வந்து, மெக்கானிக்குக்குக் காட்டுவதற்காக அன்றைய கணக்கை ஒரு தனித் தாளில் சுத்தமாக எழுத உட்கார்ந்தேன். ஒவ்வொரு செய்தியாகப் போனில் திறந்து பார்த்து எழுதினேன். டாங்க் மாற்றிய செய்தியைத் திறந்தேன். அதில் 0530 என்று இருந்தது. ஐந்தரையும் ஐந்தரையும் பதினொன்று. நான் எழுதியிருந்தது பதினொன்றரை. இணையம் இல்லாத நேரத்தில் அவர் அனுப்பிய செய்தி, இன்வெர்ட்டர் சரியான பிறகு போனில் விழுந்திருக்கிறது. அதை நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எழுதியிருக்கிறேன். அரை மணி நேரத்துக்கு ஆறு கேலன். தொலைந்துபோன ஆறு கேலன் அங்கே இருந்தது. மிச்ச இரண்டும் மூன்றும் குழாயின் குலுக்கல். கசிவும் இல்லை, வழிவும் இல்லை. ஒரு ஒழுங்கான விமானத்தை, ஒழுங்காக ஓட்டிக்கொண்டிருந்த மனுஷனை, நடுக்கடலில் திருப்பிவிட்டிருக்கிறேன்.

அப்போது மணி மூன்று நாற்பது. அவரிடம் இன்னும் பத்தரை மணி நேரப் பெட்ரோல் இருந்தது. அவர் இருந்த இடத்திலிருந்து ஹவாய்க்கு ஒன்பதரை மணி நேரம். உண்மையைச் சொன்னால் மறுபடி மேற்கே திருப்பிவிடுவாரோ என்று பயந்தேன். எதிர்க்காற்று கொஞ்சம் கூடினால் அந்த ஒரு மணி நேரமும் கரைந்துவிடும். அவர் கிழக்கே வருகிற ஒவ்வொரு நிமிஷத்துக்கும் அந்தக் கைவசமான ஒரு மணி நேரத்தில் இரண்டு நிமிஷம் குறையும். அரை மணி நேரம் வாயைக் கட்டிக்கொண்டிருந்தால் போதும், திருப்ப நினைத்தாலும் முடியாது. அதற்கப்புறம் சொல்லிக்கொள்ளலாம்.

நான்கு மணி ஐந்து நிமிஷத்துக்குத்தான் சொன்னேன். இந்த இருபத்தைந்து நிமிஷத்தைப் பற்றி, அவர் உயிரைக் காப்பாற்றக் கணக்குப் பண்ணிக் காத்திருந்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு ஆசைதான். ஆனால் உண்மை அது இல்லை. எனக்கு வெட்கம். இருபது வருஷமாகப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறவளுக்கு ஐந்தரையோடு ஐந்தரை கூட்டத் தெரியவில்லை என்று எழுதி அனுப்ப வேண்டும். டைப் செய்வேன், அழிப்பேன். இறங்கிய பிறகு சொல்லலாம் என்று ஒரு தரம் எழுந்துகூடப் போய்விட்டேன். பாத்திரத்தைக் கழுவினேன். அப்போதுதான், இதை மறைத்தால் அடுத்த முறை அவர் அனுப்புகிற எண்ணை நான் எந்த முகத்தோடு வாங்கி எழுதுவேன் என்று தோன்றியது. ஈரக் கையோடு வந்து அனுப்பினேன். "கசிவு இல்ல. நான் நேரத்தத் தப்பா எழுதிட்டேன். அரை மணி நேரம். மன்னிச்சுருங்க. மறுபடி திரும்பாதீக."

பத்து நிமிஷத்துக்கு ஒரு புள்ளி. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். ஒன்று கிழக்கே. இன்னொன்று கிழக்கே. அப்புறம் பதில் வந்தது. "சரி. கரைக்குத்தான் போறேன். தூக்கம் வருது, எதாச்சும் எழுதிக்கிட்டே இரு."

எழுதினேன். இன்வெர்ட்டரைப் பற்றி, எலக்ட்ரீஷியன் சொன்னதைப் பற்றி, பத்தாம் வகுப்பில் விடைத்தாளில் எனக்கே கடிதம் எழுதி வைத்த பையனைப் பற்றி, கறிவேப்பிலைச் செடியில் பூச்சி விழுந்ததைப் பற்றி. அவர் மணிக்கொரு தரம் அளவை அனுப்பினார். அதையும் வாங்கி எழுதிக்கொண்டேன். எல்லாம் ஒத்துப்போயிற்று. பின்னாலிருந்து காற்று தள்ளியதில் ஏழரை மணிக்கே, அங்கே காலை ஏழு, இறங்கிவிட்டதாகச் செய்தி வந்தது. தட்டிலிருந்த சோறு காய்ந்துபோயிருந்தது. அதையே தயிர் ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டேன்.

மெக்கானிக் டாங்க்கை இறக்கி, குழாய்களைக் கழற்றி, இரண்டு நாள் வைத்துப் பார்த்தார். நான் தப்பு என்னுடையது என்று சொன்ன பிறகும் பார்த்தார். ஒன்றும் இல்லை. திரும்ப மாட்டி, வழக்கம்போலத் தானும் ஏறி ஒரு சுற்றுப் போய் வந்தார். பண்ணைக்காரருக்குத்தான் எரிச்சல். புது இன்ஜினில் பத்து மணி நேரம் வெட்டியாக ஓடிவிட்டது என்று இவரிடம் கேட்டிருக்கிறார். காரணம் என்ன என்று எழுதிக் கொடு என்றிருக்கிறார். தரையிலிருந்து திரும்பச் சொன்னார்கள், திரும்பினேன் என்று மட்டும் எழுதிக் கொடுத்தாராம். நான் தப்பாகக் கூட்டினதை அதில் போடவில்லை. போடுங்கள் என்று நான் சொன்னதற்கு, அது அவருக்குத் தேவையில்லாத விஷயம் என்றுவிட்டார்.

திங்கட்கிழமை சாயங்காலம் போனில் பேசினோம். நமக்குப் புதன்கிழமை காலையில் மறுபடி கிளம்புவதாகச் சொன்னார். நான் இனி இந்த வேலைக்கு வரவில்லை என்றேன். காசு கொடுத்தால் இதற்கென்று இருக்கிறவர்கள் கிடைப்பார்கள், நாள் பூராவும் பார்த்துக்கொள்வார்கள், அவர்களுக்கு அரை மணி நேரமெல்லாம் தொலையாது.

"நீ தப்பாப் போட்டன்னு எனக்கு அப்பவே தெரியும்" என்றார்.

எனக்குப் புரியவில்லை. எப்போது என்றேன்.

"நீ வாடை அடிக்குதான்னு கேட்டீல்ல, அப்பவே. நானும் இங்க எழுதிக்கிட்டுத்தான இருக்கேன். எனக்கு ஒத்துப்போகுது, உனக்கு ஒத்துப்போகலன்னா, அதுவும் மொதல்லயே ஆறு கேலன்னா, அரை மணி நேரத்தத்தான் எங்கயோ விட்டுருப்பன்னு நெனச்சேன்."

எனக்குத் தலைக்கு மேல் கோபம் வந்தது. வாய்க்கு வந்தபடி திட்டினேன். தெரிந்துகொண்டே திரும்பினீகளா, ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் நோட்டைப் பார்த்திருப்பேனே, அஞ்சு மணி நேரம் நான் இங்க கெடந்து செத்துக்கிட்டு இருந்தேனே, அதுக்காச்சும் சொல்லியிருக்கலாம்ல என்றேன்.  நான் மூச்சு வாங்கிய பிறகுதான் பேசினார்.

"சொல்லியிருந்தா நீ நோட்டப் பாத்துருப்ப. சரிங்க, போங்கன்னுருப்ப. நானும் போயிருப்பேன், ஒன்னும் ஆயிருக்காது. ஆனா அந்த ஐஸ்லாந்து அன்னைக்கும் எனக்கு இதே மாதிரிதான் தெளிவாத் தெரிஞ்சுச்சு. உள்ள இருக்கும்போது ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. இந்தத் தடவ பேசி உன்னைய மாத்தியிருந்தேன்னா, நெசமாவே நான் கெறங்கிக் கெடக்குற அன்னைக்கும் பேசி மாத்திருவேன். நீயும் மாறிருவ."

அப்புறம் அவர் சொன்னார், "ஆறு வருஷமா நீ சொன்னா நான் திரும்புவேனான்னு எனக்கே தெரியாது."

எனக்கும் தெரியாது என்பது வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. 

"என்ன, இருக்கியா?" என்றார்.

"ஹெட்மாஸ்டர்ட்ட புதன்கெழமைக்கு லீவு சொல்லணும், வைங்க" என்று போனை வைத்தேன்.